தில்லையும் திரைகடலும் – 14: வாசல் மறுத்த கவி

சென்ற இதழில், 1690-ஆம் வருஷத்தில் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியதையும், கோட்டை மதிலிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு சென்று விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களெல்லாம் தம்முடையவை என்று வளைத்துக்கொண்டதையும், அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் என்ற பெயரோடு இன்றளவும் கடலூரைச் சூழ்ந்து கிடப்பதையும் கண்டோம். ஒரு பீரங்கியின் வாய்ச்சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அளந்து காட்டிய அதே தலைமுறையில், அதே சோழமண்டலக் கரையில், மனிதன் ஒருவனுடைய வாய்ச்சொல்லும் புறப்பட்டது. அது மதுரைச் சீமையின் தென்கோடியிலே, காயல்பட்டினத்தில், அரபு மொழியில் எழுந்தது. பரங்கிப்பேட்டை வழியாகத் தமிழுக்குள் நுழைந்தது. கடல் கடந்து இலங்கைக்கும், மலை கடந்து கேரளத்துக்கும் சென்றது. அந்தச் சொல்லுக்கு உரியவராகிய சதக்கத்துல்லா அப்பாவின் சரித்திரத்தை இவ்விதழில் விவரிக்க எண்ணுகிறோம்.

அரபுக் கவி என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது பாலைநிலமும் ஒட்டகமும் பேரீச்ச மரமுமேயன்றிப் பனைமரமும் கட்டுமரமும் அல்ல. ஆயினும் அரபியில் கவி பாடுவதற்கு அரபு நாட்டிலே பிறந்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. காளிதாசனுடைய பாஷையில் காஞ்சிபுரத்தாரும் கும்பகோணத்தாரும் காவியங்கள் இயற்றிப் புகழ் பெற்றதுபோல, அரபியும் வணிகத்தோடும் வணக்கத்தோடும் எந்தெந்தக் கரைகளில் இறங்கிற்றோ அந்தந்தக் கரைகளில் தனக்குரிய கவிகளைத் தேடிக்கொண்டது. அவ்வாறு தமிழ்க்கரை ஈன்ற அரபுக் கவிகளுள் தலைமையானவர் என்று ஆலிம்களால் போற்றப்படுபவர் சதக்கத்துல்லா அப்பா. 1632-ஆம் வருஷத்தில், அதாவது ஹிஜ்ரி 1042-இல், காயல்பட்டினத்தில் சுலைமான் வலியின் புதல்வராகத் தோன்றியவர்; 1703-இல் மறைந்து கீழக்கரையில் அடங்கியவர். கெய்ரோ நகருக்கு அரபியில் காஹிரா என்று பெயர். காயலைச் சேர்ந்த அறிஞர்களும் தம் பெயருக்குப் பின்னே 'காஹிரீ' என்று எழுதிக்கொள்வதைப் பெருமையாகக் கொண்டிருந்தனர். நீலநதிக் கரையில் இருந்தாலென்ன, தாமிரவருணிக் கரையில் இருந்தாலென்ன, கல்விக்கு ஊர் ஒன்றே என்று அவர்கள் கருதினார்கள் போலும்.

அவருடைய சகோதரர் சாம் ஷிஹாபுத்தீன் வலி, தமிழிலே, அரபு எழுத்தைக் கொண்டு, எண்ணற்ற பாடல்களை இயற்றியவர். அரபு லிபியில் இல்லாத நம் எழுத்துக்களுக்குப் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் புது வடிவம் சமைத்து, தமிழை அரபு உடையில் நடமாடவிட்ட அந்த எழுத்துமுறையே அரபுத் தமிழ் எனப்படுவது. ஒரே வீட்டில், ஒரே தாயின் மடியில் வளர்ந்த இருவரில் ஒருவர் கற்றவர் அவைக்கு அரபியிலும், மற்றவர் பெண்டிரும் எளியோரும் ஓதுவதற்குத் தமிழிலும் பாடினார்கள் என்பது, அக்காலத்துக் கடற்கரை முஸ்லிம்களின் அறிவு வாழ்க்கை எத்தன்மையது என்பதை நமக்கு ஒரு சித்திரம்போல் விளக்கிவிடுகிறது.

இனி, அப்பாவின் கவித்துவத்தைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். ஏனெனில் தமிழ் இலக்கிய சரித்திர நூல்கள் அவரைக் குறிப்பிடும்போதெல்லாம் வேறு ஒரு கவியின் கதையில் வந்துபோகும் பாத்திரமாகவே குறிப்பிடுகின்றனவேயன்றி, கவியாக அவரை எண்ணிப் பார்ப்பதில்லை.

பக்தாத் நகரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த முஹம்மது பின் அபூபக்கர் என்னும் கவி, நபிகள் நாயகத்தின்மீது வித்ரிய்யா என்ற புகழ்மாலை ஒன்றை இயற்றினார். அரபு நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பாட்டாக, லாம்-அலிஃப் என்ற கூட்டெழுத்தையும் சேர்த்து மொத்தம் 29 பாட்டுக்கள். ஒவ்வொரு பாட்டிலும் 21 பைத்துக்கள், அதாவது கண்ணிகள். பைத்து ஒவ்வொன்றும் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில் முடியவேண்டும். 'வித்ர்' என்றால் ஒற்றைப்படை. இருபத்தொன்று ஒற்றைப்படையாதலால் அந்நூலுக்கு அப்பெயர் வாய்த்தது. வருக்கக்கோவையும் வருக்கமாலையும் கற்ற தமிழருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். நம் செய்யுள் அடியின் தலைப்பக்கத்தில் மோனையாலும் எதுகையாலும் இசை பெறுகிறது. அரபுச் செய்யுளோ அடியின் கடைப்பக்கத்தில், நாம் இயைபு என்று சொல்லும் உறுப்பினால், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஓசையில் இயங்குகிறது. வித்ரிய்யாவிலோ தலைவாசலிலும் கொல்லைவாசலிலும் ஒரே எழுத்து காவல் நிற்கிறது. நடுவே கருத்து நடமாடவேண்டும்.

இத்தகைய நூலுக்குத்தான் சதக்கத்துல்லா அப்பா 'தக்மீஸ்' பாடினார். தக்மீஸ் என்பது ஐந்தாக்குதல். மூலகவியின் பைத்தில் இரண்டு பாதி உண்டு. அவ்விரண்டையும் அசைக்காமல் வைத்து, அவற்றுக்கு முன்னே தம்முடைய மூன்று அடிகளைச் சேர்த்து, ஐந்தடியாகப் பூர்த்தி செய்வதே அது. சேர்க்கும் மூன்று அடிகளும் மூலத்தின் முதற்பாதியோடு ஓசையில் இணங்க வேண்டும். கருத்தோ, மூன்றாம் அடியிலிருந்து நான்காம் அடிக்கு வழுக்கிக்கொண்டு செல்லவேண்டும். இங்கே ஒரு கை முடிந்தது, இங்கே மற்றொரு கை தொடங்கியது என்று படிப்பவன் விரல் வைத்துக் காட்ட முடியாதிருந்தால் அதுவே தக்மீஸின் வெற்றி. நம் சமஸ்தானங்களில், ஈற்றடியைக் கொடுத்து எஞ்சிய அடிகளைப் பாடச்சொல்லும் சமஸ்யை என்ற விளையாட்டு உண்டல்லவா? அதை ஒருமுறை வென்ற புலவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். வித்ரிய்யாவிலோ 609 பைத்துக்கள். பைத்துக்கு மூன்றடியாகச் சேர்த்தால் 1827 அடிகள். ஈற்றடி கொடுத்தவர் நானூறு வருஷங்களுக்குமுன் வாழ்ந்த பக்தாத்வாசி. பூர்த்தி செய்தவர் முத்துக்குளிக்கும் துறையில் பிறந்த தமிழர்.

இத்தனை அடிகளைப் பாடும் ஆற்றல் உடையவர் ஏன் தமக்கென ஒரு தனிக்காவியம் பாடாமல் பிறர் பாட்டுக்கு முன்னே போய் நின்றார் என்று இக்காலத்து ரசிகர்கள் வினவலாம். தன்னை முன்னிறுத்துவதைக் கவிதையின் லக்ஷணமாகக் கொண்ட காலம் நம்முடையது. அக்காலத்து மரபோ முன்னோர் பாட்டோடு சேர்ந்து பாடுவதையே பேறாகக் கருதிற்று. பஜனையில் தலைவர் எடுத்த அடியைத் தாங்கிப் பாடுபவனுக்குத் தன் குரல் தனியே கேட்கவில்லையே என்ற குறை உண்டாவதில்லை. பக்தாத் ஞானி முஹிய்யித்தீன் ஆண்டகையைக் குதுபு என்று விளித்துத் துதிக்கும் அரபுப் பாட்டொன்றும் அப்பாவின் பெயரால் வழங்கி வருகிறது. குதுபிய்யத்து என்ற பெயரோடு அது தமிழ்க்கரையில் மட்டுமன்றிக் கேரளத்து வீடுகளிலும் பள்ளிகளிலும் ஓதப்படுகிறது. ஆகவே மலையாளம் பேசும் மக்களின் நாவில் தமிழர் ஒருவருடைய அரபுப் பாட்டு இன்றும் இருக்கிறது என்பது, பலர் அறியாத ஆனால் அறிந்து மகிழத்தக்க விஷயமாகும்.

இனிப் பரங்கிப்பேட்டைக்கு வருவோம்.

வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்தில், வடகரையில், இவ்வூர் அமைந்திருக்கிறது. போர்த்துகீசியர் வந்து தங்கியதால் பரங்கிப்பேட்டை. அவர்கள் தம் மொழியில் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ. முஸ்லிம் ஆட்சியாளரின் ஏடுகளில் மஹ்மூது பந்தர். ஒரே ஊருக்கு மூன்று பெயர் வழங்கிற்று என்றால், எத்தனை கொடிகளைத் தாங்கிய கப்பல்கள் அவ்வாற்றுமுகத்தில் நங்கூரமிட்டன என்று ஊகித்துக்கொள்ளலாம். மரைக்காயர்கள் இங்கிருந்து துணிப்பொதிகளை ஏற்றிக்கொண்டு அச்சே, மலாக்கா, கெடா முதலிய துறைகளுக்குச் சென்று மீண்டார்கள். கடலிலிருந்து கரையை நெருங்கும் மாலுமிகளுக்கு, தாழ்ந்த மணற்கரையில் வேறு அடையாளம் ஏதும் இன்மையால், உள்நாட்டில் வானளாவி நிற்கும் தில்லைக் கோபுரங்கள் நான்குமே வழிகாட்டியாக இருந்தன. பின்னாளில் ஐரோப்பியரின் கடல்வழி நூல்களிலும் அவை குறிக்கப்பெற்றன. கிழக்குத் தீவுகளிலிருந்து திரும்பும் மரைக்காயர், தம் ஊர்ப் பள்ளிவாசலின் மினாரைக் காண்பதற்கு முன்னே கூத்தப்பெருமானின் கோபுரத்தைக் கண்டு, வீடு வந்துவிட்டது என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

ஆனால் அந்தக் கோபுரங்களுக்குள்ளே அக்காலத்தில் கூத்தப்பெருமான் இல்லை. இத்தொடரின் ஒன்பதாம் பகுதியில் விரித்துரைத்தபடி, பீஜப்பூர்ப் படைகளின் வரவுக்கு அஞ்சி 1648-ஆம் வருஷத்து இறுதியில் தில்லையை விட்டு எழுந்தருளிய திருமேனி, குடுமியான்மலையிலும் மதுரையிலும் மறைந்து உறைந்து, 37 ஆண்டு 10 மாதம் 20 நாள் கழிந்தபின் 1686-இல்தான் மீண்டும் பொன்னம்பலம் ஏறிற்று என்று செப்பேடுகள் கூறுகின்றன. சதக்கத்துல்லா அப்பாவின் பதினாறாம் வயதிலிருந்து ஐம்பத்துநான்காம் வயதுவரை தில்லையம்பலம் வெறிதே கிடந்தது. செஞ்சி 1677-இல் பீஜப்பூரிடமிருந்து மராட்டியரிடம் போயிற்று. 1698-இல் மராட்டியரிடமிருந்து மொகலாயரிடம் போயிற்று. அரசுகள் இப்படிக் கை மாறிக்கொண்டிருந்த அந்த அரை நூற்றாண்டிலேதான் புலவர்களும் ஆலிம்களும் ஏடுகளைக் கட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் நடந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் வியப்புண்டாகிறது.

அவ்வாறு நடந்தவருள் ஒருவர் உமறுப் புலவர். எட்டையபுரத்துச் சமஸ்தானத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்று, ஆஸ்தான வித்துவானாக விளங்கிய அவருக்கு, நபிகள் நாயகத்தின் திவ்விய சரிதத்தைத் தமிழில் பெருங்காப்பியமாகப் பாடவேண்டும் என்ற அவா உண்டாயிற்று. இறந்த பின்னும் ஈந்தவர் என்று பழமொழியில் நிலைபெற்ற கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் அதனைத் தூண்டினார். தில்லையிலே பஞ்சாட்சரப் படியில் சிவகாமியம்மை வைத்த பொற்காசைப் பெற்றதாகக் கதை வழங்கும் படிக்காசுப் புலவரையும் ஆதரித்த பெருவள்ளல் அவர். ஆகவே தில்லைப் படியில் காசு பெற்ற புலவரும் வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் பாடிய ஆலிமும் ஒரே வள்ளலின் நிழலில் வாழ்ந்தவர்களே. உமறுவிடம் தமிழ் இருந்தது. ஆனால் சரிதத்துக்குரிய ஆதாரங்களெல்லாம் அரபு கிதாபுகளில் இருந்தன. ஆதலால் அவர் சதக்கத்துல்லா அப்பாவிடம் சென்று உரை கேட்டார்.

இதன்பின் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதை தமிழ்நாட்டில் பிரசித்தமானது. சமஸ்தானப் புலவருக்குரிய கோலத்தில் வந்து நின்ற உமறுவைக் கண்ட அப்பா, இவர் மார்க்க ஆசாரம் அறியாதவர் என்று எண்ணி உரை சொல்ல மறுத்தார் என்பதும், மனம் நொந்த புலவர் பள்ளிவாசலில் தங்கி நாயகத்தின்மீது முதுமொழி மாலை பாடினார் என்பதும், அன்றிரவு கனவில் நாயகமே தோன்றி இருவரையும் இணங்கச் செய்தார் என்பதும், அப்பா மனம் மாறிப் புலவரைப் பரங்கிப்பேட்டையிலிருந்த தம் மாணாக்கரிடம் அனுப்பி, வேண்டிய உரைகளைப் பெற்றுக்கொள்ளச் செய்தார் என்பதும் அக்கதை.

கதை சொல்வோரெல்லாம் மறுப்பிலும் கனவிலும் லயித்துவிட்டு, பரங்கிப்பேட்டையை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். நமக்கோ, அந்த ஒரு வாக்கியத்திலேதான் சரித்திரம் இருப்பதாகத் தோன்றுகிறது. காப்பியம் பிறப்பதற்குக் கனவு மட்டும் போதாது; ஒருவர் கிதாபை விரித்து அரபு வாசகத்தை ஓதி, அதன் பொருளைத் தமிழில் சொல்ல, மற்றொருவர் அதனை மனத்தில் வாங்கி விருத்தமாக மாற்றும் உழைப்பு வேண்டும்; அந்த உழைப்பு மாதக்கணக்கில் நடப்பதற்கு அமைதியான இடமும், ஆதரிக்கும் செல்வரும், கிதாபுகளும் வேண்டும். கீழக்கரையிலிருந்து வடக்கே கரைவழி வந்து, கொள்ளிடத்தைக் கடந்து, வெள்ளாற்றைத் தாண்டினால் எய்தும் இத்துறையில் இவையெல்லாம் ஒருங்கே அமைந்திருந்தன. அதனாலேயே அப்பா புலவரை இங்கே அனுப்பினார் என்று கொள்வது பொருந்தும். மாணாக்கரின் வாயில் ஆசிரியரின் கல்வி இருந்தது. ஆதலால் அங்கே உரை சொன்ன நாவு மாணாக்கருடையதாயினும், உரை அப்பாவினுடையதே.

சீதக்காதி காலமானபின் காப்பியத்தைத் தாங்கிய கையும் பரங்கிப்பேட்டையினதே. அவ்வூர்ச் செல்வராகிய அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்து நூலை வளரச் செய்தார். சீறாப்புராணம் என்ற அக்காப்பியத்தினுள்ளே பல இடங்களில் பெயர் சுட்டிப் போற்றப்படும் வள்ளல் அவரே. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்ற மூன்று காண்டங்களில், 92 படலங்களில், 5027 விருத்தங்களாக அந்நூல் உருப்பெற்றது. கம்பன் கோசலத்தை வருணித்ததுபோல உமறு அரபு நாட்டை வருணித்து, பாலைநிலத்திலும் மருதத்தின் ஆறுகளைப் பாயவிட்டார்; வெள்ளாற்றின் கரையில் அமர்ந்து உரை கேட்டவனுக்கு, ஆறில்லாத நாடு ஒன்றைக் கற்பனை செய்வது எளிதன்று போலும். நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்குமுன் புலவர் மறைந்தார். எஞ்சிய பகுதியைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடி நிறைவு செய்தார். உமறு மறைந்ததும் 1703 என்று கூறுவர். அப்பா மறைந்த ஆண்டும் அதுவே. உரை கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வருஷத்தில் விடைபெற்றுக்கொண்டார்கள்.

ஏடுகளாகவே ஏறத்தாழ 140 ஆண்டுகள் உலவிய சீறாப்புராணத்தை, 1842-இல் காயல்பட்டினத்துச் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அச்சிட்டு வெளிப்படுத்தினார். பின்பு அந்நூல் பாடசாலைகளில் பாடமாயிற்று. புலவர் பெயர் தமிழ் கற்றோர் நாவிலெல்லாம் தவழ்ந்தது. அப்பாவுக்கோ, அந்த நூலின் முகவுரைகளிலே, வாசலை அடைத்துப் பிறகு திறந்த காவலாளியின் ஸ்தானம் மட்டும் கிடைத்தது. பாளையங்கோட்டையில் 1971-இல் தோன்றிய கலாசாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறதாயினும், அங்கே படித்து வெளிவந்தவருள் அவரைக் கவி என்று அறிந்தவர் சிலரே. அவரோ வாசற்காவலர் அல்லர், வீட்டுக்குரியவர். தம் வீட்டுச் செல்வத்தை, தாம் பாடாத ஒரு மொழியில், தம்மினும் புகழ் பெறப்போகும் ஒருவருக்கு எடுத்து வழங்கியவர். பிறர் பாட்டுக்கு மூன்றடி கொடுத்துத் தாம் முன்னே நின்றும் மறைந்து நிற்கும் தக்மீஸ் என்ற கலையில் தேர்ந்தவருக்கு, அது இயல்பான செயலே. சீறாப்புராணமும் ஒருவகையில் அவருடைய தக்மீஸ்தான். கேட்கும் அடிகள் உமறுவினுடையவை, அவற்றுக்கு முன்னே கேளாது நிற்கும் அடிகள் அவருடையவை.

இவ்வத்தியாயத்துக்காகச் செய்தி திரட்டும்பொருட்டுச் சில மாதங்களுக்கு முன் பரங்கிப்பேட்டை சென்றிருந்தேன். நபித்தோழர் உக்காஷாவின் பெயரால் வழங்கும் அடக்கத்தலத்தைக் கண்டு, ஆற்றங்கரையிலிருந்து திரும்புகையில் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் முதியவர்களும் சிறுவர்களுமாக வட்டமாய் அமர்ந்து பைத்து ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடியெடுக்க, மற்றவர் தாங்க, ஒவ்வொரு முறையும் ஒரே ஓசையில் வந்து விழும் அந்த இயைபு தெருவரை கேட்டது. ஓதி முடித்து எல்லோருக்கும் சீரணி வழங்கியபோது, வெளியே நின்ற எனக்கும் ஒரு சிறுவன் கொண்டுவந்து கொடுத்தான்.

"தம்பி, இப்போது ஓதினீர்களே, அதற்குப் பொருள் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. ஆனா முழுசும் மனப்பாடம்" என்றான், தயக்கமே இல்லாமல்.

பொருள் தெரியாமல் ஓதுவதில் பயன் என்ன என்று கேட்பவர் கேட்கலாம். அச்சிட்ட நூல்கள் செல்லரித்துப்போன வீடுகளை நான் கண்டிருக்கிறேன். ஒரு சிறுவனுடைய மனப்பாடத்தைச் செல் அரித்ததாகக் கேட்டதில்லை. என்றாவது ஒருநாள், சிதம்பரத்தையும் காட்டுமன்னார்கோயிலையும் அடுத்த லால்பேட்டையில் 1862 முதல் நடந்துவரும் மன்பவுல் அன்வார் போன்ற அரபிக் கலாசாலை ஒன்றில் அவன் சேர்ந்து, தான் மனப்பாடம் செய்த பாட்டின் பொருளை ஆசிரியர் வாயிலாகக் கேட்கும் நாளும் வரலாம். உமறுவும் இவ்வூரில் அப்படித்தான், பொருள் சொல்வார் ஒருவரின் எதிரே அமர்ந்திருந்தார்.

உரை கேட்ட இக்கரைக்கு, உமறு மறைந்து எண்பது வருஷங்களுக்குள், மீண்டும் பீரங்கி வந்தது. 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் பரங்கிப்பேட்டை மணல்வெளியில் மோதிக்கொண்ட வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)